கல்யாணம் ஆகாதவர்

கிள்ளானிலிருந்து காலை ரயில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஷா ஆலமில் ஏறிய ஒரு பெண், என் எதிரே தனியாக இருந்த இளம்பெண்ணை அடையாளம் கண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"புருஷன் தவறிட்டாருன்னு கேள்விப்பட்டேன், சரசு."

"அவருக்குக் கல்யாணமே ஆகலையாம்க்கா."

நான் போனை மடியில் வைத்தேன்.

"என்னடி சொல்ற?"

"ஆஸ்பத்திரில அப்படித்தான் சொன்னாங்க. நாங்க கோயில்ல தாலி கட்டினதோட சரி, ரிஜிஸ்டர் பண்ணல. அப்புறம் பண்ணிக்கலாம்லான்னு அவருதான் இழுத்தடிச்சாரு. பொண்டாட்டின்னு சொல்லி நான் பாடி கேட்டேன், தரல. அவரோட அண்ணன வரச் சொன்னாங்க."

"உங்க கல்யாணத்துக்கே வராத மனுஷனாச்சே!"

"வந்தாரு. தம்பிக்குப் பொண்டாட்டியே இல்லன்னு கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போயிட்டாரு. எரிச்சதே எனக்கு மறுநாள்தான் தெரியும்."

"இப்ப எங்க போற?"

"அந்த அண்ணன் வீட்டுக்குத்தான். இன்னிக்குக் கருமாதி. நேத்து அவரே போன் பண்ணிக் கூப்பிட்டாரு."

"எதுக்காம்?"

அவள் சட்டைக்குள் கிடந்த மஞ்சள் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"தாலி அறுக்கணுமாம். அதுக்குப் பொண்டாட்டி வந்தே ஆகணுமாம்."