நிதிப் பிரிவில் நடந்த வளைகாப்பு

என் பெயர் சந்திரிகா. வயது ஐம்பத்தொன்று. கணவர் சுந்தரமூர்த்தி, வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்கி பஜாருக்குப் பின்னால் குடியிருக்கிறோம். வீட்டு வாசலில் இட்லிக் கடை நடத்துகிறேன். பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் இதே கட்கியில்தான். மராத்தி நன்றாகவே பேசுவேன். ஆனால் நான் சொன்னது ஒன்று, நீங்கள் எழுதியது வேறு என்று பின்னால் ஆகக் கூடாது என்பதால் தமிழில்தான் சொல்வேன் என்றேன். அதன்படி தமிழ் தெரிந்த தலைமைக் காவலர் ஆரோக்கியசாமி எழுதிக்கொள்கிறார்.

எங்கள் பகுதியில் இருந்த அரசு பிரசவ வார்டை, செலவைக் குறைப்பதாகச் சொல்லி, சென்ற மழைக்காலத்தில் மூடினார்கள். மூடும் உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் மாநில அரசின் நிதிப் பிரிவு அதிகாரி பத்மநாபன். அதே மழைக்காலத்தில், ஆற்றோரம் கோபுரம் கோபுரமாக வீடு கட்டும் கம்பெனிக்கு முத்திரைத் தீர்வையைத் தள்ளுபடி செய்தார்கள். அதன் பிறகு பக்கத்து வீட்டு வைஷுவுக்கு வலி எடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், போபோடி சிக்னலில், ஆட்டோவிலேயே பிரசவம் ஆனது. வைஷு பிழைத்தாள். ஆட்டோக்காரர் வாடகை வாங்க மறுத்துவிட்டார்.

அதன் பிறகு எங்கள் தெருப் பெண்கள் பத்மநாபன் சார் அலுவலகத்துக்குப் பலமுறை மனு கொடுக்கப் போனோம். ஒவ்வொரு முறையும் சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். மீட்டிங்கில் இருந்தவர் தனியாக உட்கார்ந்து சாய் குடித்ததை ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். இதையும் விடாமல் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதம் செய்ததால் எழுதப்படுகிறது.

என் மகள் அம்ருதாவுக்கு இது ஒன்பதாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது எங்கள் வழக்கம். அதற்குப் பிறகு பிரசவம் தாய்வீட்டின் பொறுப்பு. நான் எந்த வீட்டுக்கு அழைத்துப் போவது? என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் அதே சிக்னல் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே வளைகாப்பையே அந்த அலுவலகத்தில் வைப்பது என்று முடிவு செய்தேன். முடிவு என்னுடையது. கூட வந்த வேறு யார் பெயரையும் சொல்ல மாட்டேன். எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்தான்.

அதன்படி நேற்று காலை தாம்பாளங்களில் வளையல், சந்தனம், குங்குமம், பூ, புளியோதரை எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். வாசலில் இருந்த காவலாளி ஏதோ பூஜை என்று நினைத்து வழிவிட்டார். யாரையும் தள்ளவில்லை. பத்மநாபன் சார் தமிழர். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "அட, வளைகாப்பா? ஆபீஸ்லயா? வாங்கம்மா, உள்ள வாங்க" என்றார். அவர் அறையிலேயே நாற்காலி போட்டு அம்ருதாவை உட்கார வைத்து நலங்கு வைத்தோம். அதன் பிறகு அவர் புளியோதரை சாப்பிட்டார். இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வளைகாப்பு நடக்கும் வீட்டுப் பெண்களுக்கும் வளையல் கொடுப்பது முறை. உங்கள் வீட்டு அம்மாவுக்கு என்ன அளவு என்று கேட்டேன். "ரெண்டு ஆறு, பச்சையா இருந்தா குடுங்க" என்றார். அளவு சொன்னவர் அவர். நிறம் சொன்னவரும் அவர்.

அதன் பிறகு நான் அவரிடம், "சார், வார்ட மூடுனது நீங்க. இனிமே இவளுக்குத் தாய்வீடு இந்த ஆபீஸ்தான். பெத்துப் பொழைக்கற வரைக்கும் நீங்களே வெச்சுப் பாத்துக்குங்க" என்றேன். முதலில் சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும், "நிதி இல்லம்மா, நான் என்ன பண்றது?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எம் மருமகன் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடறப்பல்லாம் உங்களுக்கு வரி கட்டறான். கோபுர வீட்டுக்காரனுக்கு மட்டும் தள்ளுபடியா? அவங்கிட்ட வாங்க வேண்டியத வாங்குங்க, வார்டத் தொறங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். என் குரலே அப்படித்தான்.

இதற்குள் அலுவலக எழுத்தர் ஒருவர், பத்மநாபன் சார் கையில் வளையலோடு நிற்பதை வீடியோ எடுத்து, சாகேபுக்குப் பெண்கள் வளையல் போட்டுவிட்டார்கள் என்று மராத்தியில் எழுதிப் பரப்பிவிட்டார். இந்த ஊரில் ஆண்பிள்ளைக்கு வளையல் கொடுத்தால் நீ ஆம்பளையே இல்லை என்று அர்த்தம். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அவர் கையில் இருந்தது எந்த வளையல் என்பதும் அவருக்குத் தெரியும். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்த பிறகுதான் அது அவருக்கு அவமானமாகப் பட்டது. அதன் பிறகு போலீஸை அழைத்தார். அவரை அவமானப்படுத்தப் போயிருந்தால் அவர் மனைவியின் கை அளவை ஏன் கேட்கப் போகிறேன்? அந்தப் பச்சை வளையலை அவர் இன்னும் திருப்பித் தரவில்லை.

மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் வழக்கு இல்லை, ஆனால் இனி வார்டு விஷயமாக அந்தப் பக்கம் வரக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். கொடுக்க மாட்டேன். வழக்குப் போடட்டும்.

அம்ருதா கையில் உள்ள வளையல்களையும் சான்றுப் பொருளாகக் கழற்றித் தர வேண்டும் என்கிறார்கள். அவள் வெளியே பெஞ்சில்தான் இருக்கிறாள். யாரும் அவள் கையைத் தொடக் கூடாது. வளைகாப்பு வளையலைக் குழந்தை பிறந்த பிறகுதான் கழற்றுவோம். கழற்றியதைப் பிரசவம் பார்த்த நர்சுக்குக் கொடுத்துவிடுவோம். ஆகவே அவை என்னுடையவையும் அல்ல, என் மகளுடையவையும் அல்ல. யாருடையவை என்று பத்மநாபன் சாரைக் கேட்டுக் கீழே எழுதிக்கொள்ளவும். அதற்காக இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

பிரசவம் பார்க்கப்போகும் நர்சின் பெயர்: ........................

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் என் வாயால் வந்தது, அத்தனையும் உண்மை. எங்கே கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

(ஒப்பம்) சந்திரிகா

என் முன்னிலையில் கையொப்பமிட்டார். பத்மநாபன் அவர்களிடம் தொலைபேசியில் கேட்கப்பட்டது. பெயருக்கு விட்ட இடம் காலியாக உள்ளது.

(ஒப்பம்) ஆரோக்கியசாமி, தலைமைக் காவலர்