முதல் பூவின் பதினோரு படங்கள்

டெல்பினியம் என்கிற பூச்செடியின் விதையை நேராக மண்ணில் போட்டால் பாதிகூட முளைக்காது. ஈரக் காகிதத்தில் மடித்து, டப்பாவில் மூடி, இரண்டு வாரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். குளிர்காலம் போய்விட்டது என்று விதை நம்பினால்தான் கண் திறக்கும். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம் மேடம், வழக்குக்குத் தேவைப்படாது. ஆனால் எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமே. இங்கிருந்து தொடங்கினால்தான் எனக்கு வரிசையாக வரும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். லென்ஸை ஃப்ரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்தும் வேலை. இருபத்தாறு வருடம். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றார். நல்ல மனிதர். நீங்கள் விசாரித்திருப்பீர்கள், எல்லாரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். யார் வீட்டில் எது கெட்டாலும் ஸ்க்ரூ டிரைவரோடு போய் நிற்பார். விழுந்து விழுந்து சிரிக்க வைப்பார். அவர் இருக்கிற இடத்தில் வேறு யாரும் பேச வேண்டிய அவசியமே வராது.

எங்கள் வீட்டு முன்ஜன்னலுக்கும் கேட்டுக்கும் நடுவே ஒரு துண்டு மண் இருக்கிறது. பத்தடிக்குப் பதினாலு. அதில் வருடா வருடம் தானாகத் திரும்பி வருகிற பூச்செடிகளை விதையிலிருந்தே வளர்க்க வேண்டும் என்பது என் ஆசை. செடியாக வாங்கி நட்டால் அதே கோடையில் பூத்துவிடும், உண்மைதான். விதை என்றால் முதல் வருடம் இலை மட்டும். எங்கள் ஊர் உறைபனிக் குளிரில் அதுவும் கருகிப்போகும், வேர் மட்டும் உள்ளே உயிரோடு கிடக்கும். மறு கோடையில்தான் பூ.

எனக்கு நான்கு வருடம் ஆனது. முதல் வருடம் ஃப்ரிட்ஜில் வைத்த டப்பாவை அவர் குப்பையில் கொட்டிவிட்டார். ஏதோ கெட்டுப்போனது என்று நினைத்திருக்கிறார். பிறகு அதை ஒரு கதையாக்கினார். "எங்க வீட்ல ஃப்ரிட்ஜை திறந்தா ஈரக் காகிதம்தாங்க இருக்கும். வறுத்துக் குடுப்பாளா, அவிச்சுக் குடுப்பாளான்னு ரெண்டு வாரம் காத்துக்கிட்டு இருந்தேன்" என்பார். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது வருடம் அறுபத்திரண்டு நாற்று பிழைத்தது. எங்கள் கல்யாண நாளன்று நான் கடையிலிருந்து திரும்பி வரும்போது வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மண் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. "காலையிலேர்ந்து உக்காந்து பிடுங்கினேன். ஒரு களை விடலை பாரு" என்றார். முகம் அவ்வளவு பிரகாசம். அறுபத்திரண்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. முதுகு வலிக்கும் என்று தைலம் தேய்த்துவிட்டேன்.

மூன்றாவது வருடம் மறுபடி போட்டேன். பத்தொன்பது பிழைத்தது. குளிர்காலத்தில் எல்லாம் அடங்கிப்போனபோது, "செத்துப்போச்சும்மா, ஒத்துக்கோ" என்றார். இந்தக் கோடையில் பத்தொன்பதும் எழுந்து வந்தன. இடுப்பு உயரம். மொட்டுக்கூட விட்டுவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால், சாப்பிடும்போது, அந்த இடத்துக்கு சிமெண்டு போடப்போகிறோம் என்றார். கொத்தனார் திங்கட்கிழமை வருகிறாராம். "குனிஞ்சு குனிஞ்சு உன் முட்டிதான் வீணாப் போகுது. வண்டி நிறுத்த இடமும் ஆச்சு."

"பூக்கப் போகுதுங்க" என்றேன்.

"பூதானே? நான் வாங்கித் தர்றேன்மா" என்றார். தட்டை அவரே கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

இதுதான் காரணம் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. என் நன்மைக்காகத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இடது கையைப் பிடித்துக்கொண்டார். வேர்த்துக் கொட்டியது. "நெஞ்சை என்னமோ பண்ணுது. ஆம்புலன்சுக்கு ஃபோன் போடு" என்றார். ஃபோனை நான் வெளியே பெஞ்சின்மேல் வைத்திருந்தேன். எடுக்கத்தான் போனேன். இதில் எந்த மாற்றமும் இல்லை, எத்தனை தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

வெளியே ஒரு பூ திறந்திருந்தது.

அந்த நீலத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் தினமும் கண்ணாடி வழியாகப் பார்க்கிற ஆள். அப்படி ஒரு நீலத்தைப் பார்த்ததில்லை. படம் எடுத்தேன். என் ஃபோன் உங்களிடம்தான் இருக்கிறது. முதல் படம் ஏழு ஐம்பத்திரண்டு, கடைசிப் படம் எட்டு இருபத்தேழு. மொத்தம் பதினொன்று. ஆம்புலன்சை அழைத்தது எட்டு முப்பத்தொன்று. நீங்கள் கேட்பது அந்த இடைவெளியைப் பற்றி என்று புரிகிறது.

முதலில் உங்களிடம், ஸ்ட்ரெச்சரோடு நான்கு பேர் வந்தால் செடிகள் மிதிபடும், அதனால் குச்சி நட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். கட்டினேன், அது நிஜம். பத்தொன்பதையும் கட்டினேன். ஆனால் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் அகலமான கேட் இருக்கிறது. ஆம்புலன்ஸ் அந்த வழியாகத்தான் வந்தது. அந்த வழியாக வரச் சொன்னதும் நான்தான். ஒரு இலைகூடக் கசங்கவில்லை. ஆகவே நீங்கள் சொல்வது சரி, காத்திருக்கக் காரணம் இல்லை.

அவர் கூப்பிட்டாரா என்றால், கூப்பிட்டார். இரண்டு தடவை. பிறகு ஜன்னல்வரை எப்படியோ வந்துவிட்டார், கண்ணாடியைத் தட்டினார். பக்கத்து வீட்டுத் தையல்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்னங்க, டொக்கு டொக்குன்னு சத்தம்? உதவி ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டார். "அவர் ஜன்னல் கொக்கியை சரி பண்றார்" என்றேன். "ஞாயித்துக்கிழமைகூட மனுஷன் சும்மா இருக்க மாட்டாரே" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார். தையல்காரர் மேல் எந்தத் தப்பும் இல்லை. என் கணவர் எப்போதும் எதையாவது தட்டிக்கொண்டிருப்பவர்தான்.

தட்டுவது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நன்றாக நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டுதான் ஃபோன் போட்டேன். இதுவரை நான் சொல்லாதது இது ஒன்றுதான்.

மறுநாள் கொத்தனார் வந்தார். வீட்டில் துக்கம் என்று சொல்லி அனுப்பினேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார், பாவம். இப்போது பத்தொன்பதும் பூத்திருக்கும். தண்ணீர் ஊற்றத் தையல்காரரிடம் சொல்ல முடியுமா என்று பாருங்கள். வேரில் ஊற்ற வேண்டும், பூவின்மேல் படக் கூடாது.

ஏழாவது படத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், பூவுக்குப் பின்னால் ஜன்னலில் தெரிவது அவர் கைதான். அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் அப்போதே என் நாத்தனாருக்கு அனுப்பினேன். பூச்செடி என்றால் அவளுக்கும் உயிர். உடனே பதில் போட்டாள்: "எவ்ளோ அழகு அண்ணி! அண்ணன் பாத்தாரா?"

"பாத்துக்கிட்டேதான் இருக்கார்" என்று எழுதினேன்.

அவளிடம் உள்ளதைத்தான் சொன்னேன் மேடம். யாரிடமும் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.