தறிக்கு அடிக்கும் காற்று

1. விசைத்தறிக்காரர் ஒருவர், மனைவியின் லேப்டாப்பில் பஞ்சு அடைந்திருப்பதைப் பார்த்தார்.
2. தறியைச் சுத்தம் செய்யும் கம்ப்ரசர் காற்றை அதற்கும் அடித்தார்.
3. பஞ்சோடு ‘எம்’ பட்டனும் பறந்துபோனது.

கருமத்தம்பட்டியில் பஸ் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த அந்தக் கணவனும் மனைவியும் பேசியதில் இவ்வளவும் தெரிந்தது. சர்வீஸ் கடைக்குப் போகிறார்கள்.

“தறிக்கு அடிக்கிற காத்துதான அம்மணி. தறி ஒண்ணும் சொல்றதில்ல.”

“தறியும் இதும் ஒண்ணாங்க? பார்டர் டிசைன் பூரா இதுக்குள்ள கெடக்குது. மத்தியானத்துக்குள்ள அனுப்போணும், இல்லீன்னா ஆர்டர் போயிரும்.”

“மூடி ஆடுது, பாட்டு கேக்க மாட்டீங்குது. புதுசு வாங்கிப்போடலாம்.”

“கரண்ட் போனாலும் சாயங்காலம் வரைக்கும் சார்ஜ் நிக்குதுங்களே! தறிச் சத்தத்துல எந்தப் பாட்டுங்க கேக்கும்?”

“ஒரு எழுத்துதான போச்சு?”

“பாஸ்வேர்டே உங்க பேருதானுங்க. எம் இல்லாம எப்படித் தொறக்கறது?”

“எம் பேர நீ வாயில கூடச் சொன்னதில்லையே!”

“டெய்லி அடிக்கறனுங்களே.”

கணவர் ஆடும் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “அந்தக் குழியில ரப்பர் இருக்குது பாரு. அத அமுத்து.”

மனைவி அழுத்தினார். திரை திறந்தது.

டிசைன் கணவருடைய போன் நெட்டில் பஸ்ஸிலிருந்தே போய்விட்டது. இருவரும் கடைவரை போகாமல் நீலாம்பூரிலேயே இறங்கி, திரும்பிப் போக எதிர்ப்பக்கம் நின்றார்கள். பட்டன் இன்னும் கிடைக்கவில்லை.