மொட்டை வண்டிக்குப் புது ஸ்பீக்கர்

— சாவியை அந்த மேசை மேல வச்சுட்டு நீங்க கெளம்புங்க. வேலை முடிய நாலு மணி ஆகும். அப்புறமா வந்து எடுத்துக்கலாம்.

— இல்ல மச்சான், நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன். வீட்டுக்குப் போயி என்ன பண்ணப் போறேன். சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கணும்.

— மச்சான்னு கூப்பிடாதீங்க. கஸ்டமரா வந்திருக்கீங்க, கஸ்டமர் மாதிரி பேசுங்க.

— நாக்குல வந்துடுது, என்ன பண்றது. பத்து வருஷம் உன்னை அப்படிக் கூப்பிட்ட வாய்.

— எங்க அக்கா செத்தன்னைக்கே அதெல்லாம் முடிஞ்சு போச்சு. ஒண்ணு கேக்கறேன். இவ்வளவு பெரிய ஊர்ல வேற ஸ்பீக்கர் கடையே இல்லையா? இந்த வண்டியைக் கொண்டாந்து என் கண்ணு முன்னாடி நிறுத்த எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?

— ரெண்டு கடையில கேட்டுட்டுத்தான் வந்தேன். வயரிங் யாரு பண்ணாங்களோ அவங்ககிட்டயே போங்கன்னு அனுப்பிட்டாங்க. கடலோரமா விடுதி வச்சிருக்காரே ஒருத்தர், அவர் வண்டியை எடுத்துக்கறேன்னு சொல்றார். வர்ற விருந்தாளிங்களை ஏத்திக்கிட்டு மணல்ல சுத்தணுமாம். பாட்டுப் பொட்டி மட்டும் பெரிசா மாத்திக் குடுங்கன்னுட்டார். கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது, கூரை கிடையாது, நாலு கம்பி தான் நிக்குது, போடற பாட்டெல்லாம் காத்தோட போயிடும்ல. எனக்கு இது கண்ணை விட்டுப் போனா போதும்.

— மேல் கம்பியில நாலு ஸ்பீக்கர், சீட்டுக்குப் பின்னாடி ஒரு சப்-ஊஃபர். ஆம்ப்ளிஃபயரும் மாத்தணும், பழசு தாங்காது. தண்ணி பட்டாலும் மணல் பட்டாலும் ஒண்ணும் ஆகாத சாமானாப் போடறேன். போதுமா?

— என்னத்தைச் சொல்றது, நீ போடறது தான். உன் வேலையில நான் என்னைக்குக் குறை சொல்லியிருக்கேன்.

— என் வேலையில யாருமே குறை சொன்னதில்லை. பழசு பாடுதா?

— இல்ல. அன்னையிலேர்ந்து பாடல.

— வண்டி தான் கவிழலையே. உங்க மேல ஒரு கீறல் கூட இல்லையே. ஸ்பீக்கர் மட்டும் எப்படிப் போகும்?

— மணல் மேட்டு உச்சியில தூக்கிப் போட்டுச்சு பாரு, அப்பவே நின்னு போச்சு. மொதல்ல பாட்டு நின்னுச்சு மச்சான். டக்குனு ஒரே அமைதி. என்னடா இதுன்னு திரும்பிப் பாக்கறேன், பக்கத்துல அவ இல்ல. கோர்ட்டுல கூட இதைத்தான் சொன்னேன். பாட்டு நின்னதுக்கும் உங்க மனைவி விழுந்ததுக்கும் என்ன சம்பந்தம்னு உங்க வக்கீல் கேட்டார். எல்லாரும் என்னைப் பைத்தியக்காரனைப் பாக்கற மாதிரி பாத்தாங்க. நீயும் தான் பாத்த.

— பேச்சை மாத்தாதீங்க. ஃபியூஸ் போயிருக்கும், வேற என்ன. அந்த டார்ச்சை எடுங்க. இல்ல, ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு. பேட்டரிலேர்ந்து வர்ற வயரும் கல்லு மாதிரி இருக்கு. அப்ப எர்த் வயர் தான் விட்டிருக்கணும். சீட்டைத் தூக்கினாத்தான் தெரியும். இந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க.

— இது அவ உக்காந்த சீட்டு.

— தெரியும். புடிங்க.

— அடியில எவ்வளவு மணல் பாரு. அந்த இடத்து மணல் தான் எல்லாம். இத்தனை நாளா இதுக்குள்ளயே கெடந்திருக்கு. என்ன மச்சான், அப்படியே நின்னுட்ட? கையில என்ன அது?

— ஒண்ணுமில்ல. போல்ட்டு.

— எந்த போல்ட்டு?

— எர்த் வயரு மாட்டற போல்ட்டு. கழண்டு விழுந்து மணலுக்குள்ள கெடந்திருக்கு. வயரும் தனியா கெடக்கு.

— அது கழண்டா பாட்டு நின்னுடுமா?

— நின்னுடும்.

— அப்பாடா. ஒரு வருஷமா மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நான் பொய் சொல்லலேன்னு நீயாவது இப்பத் தெரிஞ்சுக்கிட்டியே.

— போலீஸ் யார்டுல இந்த சீட்டை யாராவது கழட்டினாங்களா?

— இல்லையே. தார்ப்பாயைப் போட்டு மூடி சீல் வச்சிருந்தாங்க. போன வாரம் என் முன்னாடி தான் பிரிச்சாங்க.

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற மெக்கானிக் யாராவது? சீட் பெல்ட்டை இழுத்துப் பாக்கறேன், சோதிக்கறேன்னு ஸ்பேனரோட யாராவது வந்தாங்களா?

— யாரும் வரல. அன்னைக்கு வண்டியைச் சோதிக்க ஒரு இன்ஸ்பெக்டர் தான் வந்தார், பெல்ட்டோட கொக்கி பூட்டுல மாட்டினபடியே இருக்குன்னு எழுதிக்கிட்டார். ஆளே இல்லாம பெல்ட் மாட்டியிருக்குன்னா, பீப் சத்தம் வரக்கூடாதுன்னு முதுகுக்குப் பின்னாடி மாட்டிட்டு அது மேல சாஞ்சு உக்காந்திருக்காங்கன்னார். அதுக்கு நீ தான சாட்சி சொன்ன.

— ஆமா. நான் தான் சொன்னேன்.

— அவளுக்குப் பெல்ட் போட்டா மூச்சு முட்டும், எப்பவும் அப்படித்தான் செய்வா, இவர் ஒரு நாள் தட்டிக் கேட்டதில்லைன்னு சொன்ன. தப்பு இல்ல மச்சான், கார்ல அவ அப்படித்தான் செய்வா. நான் தட்டிக் கேட்டதில்லை தான். ஆனா இந்த மொட்டை வண்டியில ஏறினப்ப நானே குனிஞ்சு மாட்டிவிட்டேன். க்ளிக்குன்னு சத்தம் கேட்டுச்சு. நூறு தடவை சொன்னேன், ஒருத்தர் நம்பல.

— நீங்க போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்களேன். எதிர்த்தாப்புல தான் கடை.

— எனக்கு வேணாம். உனக்கு என்ன ஆச்சு? மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கொட்டுது.

— புழுக்கமா இருக்கு.

— அவ சீட்டைப் பாத்துத் தான இப்படி ஆயிட்ட. உன்னைப் போயி இதைப் பண்ண வச்சேன் பாரு, நான் ஒரு மடையன். விட்டுடு. வேற ஆளைப் பாத்துக்கறேன்.

— இல்ல. வேற யாரும் இதைத் தொட வேணாம்.

— சரி, அப்ப வேலை நடக்கட்டும். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு தான் காலையிலேர்ந்து உக்காந்திருக்கேன். பாப்பா எப்படி இருக்கா?

— நல்லாயிருக்கா. முன்பல்லு ரெண்டும் விழுந்திடுச்சு. சிரிச்சா வாயைப் பொத்திக்கறா.

— நான் பாக்கவே இல்ல. சரி. நாளைக்குக் கோர்ட்டுல நான் எதிர்த்துப் பேசப் போறதில்லை மச்சான். பாப்பா உங்க அப்பா அம்மாகிட்டயே இருக்கட்டும்னு கையெழுத்துப் போட்டுடறேன்.

— என்ன சொல்றீங்க? ஒரு வருஷமா அலைஞ்சீங்களே அவளுக்காக.

— அலைஞ்சேன். நான் மாட்டிவிட்டேன், நான் மாட்டிவிட்டேன்னு போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். உங்க அம்மா என் மூஞ்சியில காறித் துப்பினாங்க. பொண்டாட்டியை வாரிக் குடுத்துட்டு வந்து பொய் வேற சொல்றியாடான்னாங்க. அப்புறம் அந்த இன்ஸ்பெக்டரோட ரிப்போர்ட்டு, நீ சொன்ன சாட்சி. இத்தனை பேர் சொல்றப்ப எனக்கே இப்ப சந்தேகமாயிடுச்சு. க்ளிக்குன்னு கேட்டது என் பெல்ட்டா இருக்குமோ? கடைசியில மாட்டவே இல்லையோ? ராத்திரி பகல்னு இல்ல, அந்தச் சத்தம் காதுக்குள்ளயே இருக்கு, ஆனா அது யாரோடதுன்னு தெரியல. பெத்தவளைக் காப்பாத்தத் துப்பில்லாதவன்கிட்டப் பொண்ணை எதுக்கு விடணும். உங்க வீட்டுல அவளுக்கு ஒரு குறையும் இருக்காது. நீ இருக்க.

— மாமா.

— ஒரு வருஷம் கழிச்சு இப்பத்தான் மாமான்னு கூப்பிடற.

— மாமா, நாளைக்கு எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க.

— வேணாம் மச்சான், நான் முடிவு பண்ணிட்டேன்.

— நான் சொல்றதைக் கேளுங்க. இங்க வாங்க, குனிஞ்சு பாருங்க. இந்த ஓட்டை தெரியுதா? பெல்ட்டோட கீழ் முனை இங்க தான் மாட்டியிருக்கணும். இந்தா, இது தான் அந்த முனை, மணலுக்குள்ள புதைஞ்சு கெடக்கு. சீட்டைத் தூக்கிப் பாக்காம அந்த இன்ஸ்பெக்டருக்கு இது தெரிஞ்சிருக்காது. இது ரெண்டையும் சேத்துப் புடிக்கறது இந்த போல்ட்டு. எர்த்துக்குன்னு தனி போல்ட்டு கிடையாது மாமா. இதே தான்.

— எனக்குப் புரியல.

— ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் குடுக்கறதுக்கு வண்டி உடம்புல நல்ல கெட்டியான போல்ட்டு வேணும். தனியா இடம் தேடி ஓட்டை போடறதுக்கு சோம்பேறித்தனப்பட்டு பெல்ட் போல்ட்டைக் கழட்டி அதுலயே வயரைச் சொருகிடுவோம். எங்க தொழில்ல பாதிப் பேர் அப்படித்தான் பண்றோம். நானும் பண்ணினேன். ஒரே போல்ட்டு, ரெண்டு வேலைன்னு பெருமையா வேற சொல்லிக்குவேன்.

— சரி, அதுக்கு?

— முழுசா முறுக்கிட மாட்டேன். கையால ரெண்டு சுத்து தான். பாட்டைப் போட்டா சில சமயம் ஙொய்யுன்னு ஒரு இரைச்சல் வரும், அப்ப எர்த்தை இடம் மாத்தணும், அதுக்காக. சத்தம் கேட்டுப் பாத்து நல்லாயிருந்தாத்தான் நீள ஸ்பேனரை எடுத்துக் கடைசி முறுக்கு முறுக்குவேன். உங்க வண்டிக்கு மொதப் பாட்டுலயே சத்தம் சும்மா கணீர்னு வந்துச்சு. அக்கா எறங்கி வந்து இந்த இடத்துல நின்னு ஆட ஆரம்பிச்சுட்டா. பாப்பாவும் ஆடினா. என்னையும் இழுத்து விட்டா. ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— அன்னைக்கு நான் ஸ்பேனரை எடுக்கவே இல்ல மாமா. ஆடி முடிச்சுட்டு அப்படியே சீட்டை வச்சு அழுத்திட்டு சாவியைக் கையில குடுத்துட்டேன். மரையைப் பாருங்க, ஒரு கீறல் இல்ல. முறுக்கின போல்ட்டா இருந்தா இப்படி வழவழன்னு வெளிய வராது. பிச்சுக்கிட்டுத்தான் வரும். மேட்டுல தூக்கிப் போட்டப்ப போல்ட்டு உருவிட்டு வந்திருக்கு, அதோட எர்த்தும் போச்சு, பெல்ட்டும் போச்சு. அதான் பாட்டு நின்னுச்சு.

— மச்சான்.

— அக்கா பெல்ட் போட்டுத்தான் இருந்தா. நீங்க மாட்டினீங்க, அவ போட்டிருந்தா. நான் தான் என் அக்காவைக் கொன்னுட்டு, உங்க தலையில பழியைப் போட்டு, பாப்பாவையும் புடுங்கி வச்சுக்கிட்டேன். டீ குடிக்கப் போங்கன்னு சொன்னேன் பாருங்க, நீங்க அந்தப் பக்கம் போனதும் இதை முறுக்கி மூடிடலாம்னு தான் சொன்னேன். நான் எவ்வளவு கேவலமானவன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது.

— அழாத. எந்திரி.

— அடிங்க மாமா. நாலு அறை விடுங்க.

— உன்னை அடிச்சு என்ன ஆகப் போகுது. எந்திரிச்சு அந்த ஸ்டூல்ல உக்காரு.

— நாளைக்குக் கோர்ட்டுல நானே சொல்லிடறேன். இந்த போல்ட்டை அப்படியே கொண்டாறேன். என்னை என்ன வேணா பண்ணட்டும். அம்மா அப்பாகிட்ட இன்னைக்கே சொல்றேன், அவங்க உங்க கால்ல விழணும். பாப்பாவை நாளைக்கே நீங்க கூட்டிட்டுப் போங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல மாமா. ஒண்ணே ஒண்ணு கூட இல்ல.

— இரு. ஒண்ணு சொல்லு. அந்த போல்ட்டு லூசா இருந்தா சீட்டுல உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியுமா?

— இப்ப எதுக்கு அதெல்லாம்?

— தெரியுமா, தெரியாதா?

— கிளம்பினவுடனே தெரியாது. மணல்ல குலுங்கக் குலுங்க போல்ட்டு கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். அப்புறம் பெல்ட் இடுப்புல நிக்காது, தொளதொளன்னு ஆயிடும். கையால புடிச்சுத் தூக்கினா கீழ் முனை கடகடன்னு ஆடும்.

— எவ்வளவு நேரத்துல?

— ஒரு அரை மணி நேரம் ஓடியிருந்தா நல்லாவே ஆடியிருக்கும்.

— அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்.

— தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட சொல்லாம இருப்பாளா? செருப்பு வார் லூசா இருந்தாலே ஊரைக் கூட்டறவ அவ. நீங்களா எதையாவது நெனச்சுக் குழப்பிக்காதீங்க மாமா. அவ ஒண்ணும் சொல்லலேல்ல?

— சொன்னா மச்சான். அந்த மேட்டுல ஏறுறதுக்கு முன்னாடி பெல்ட்டை ரெண்டு கையாலயும் தூக்கிக் காட்டி ஏதோ கத்திச் சொன்னா, பாட்டுல எனக்கு ஒரு வார்த்தை கேக்கல, குஷியில கத்துறாளேன்னு சிரிச்சுக்கிட்டே சத்தத்தை இன்னும் கூட்டி வச்சேன்.