காற்றுப் புகாத பெட்டி

சமையலறை மேடைக்குக் கருங்கல் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: எண்ணெய்க் கறை பிடிக்குமா? பிடிக்காது என்று சொல்லிவிடுவேன். எல்லாக் கல்லிலும் கறை பிடிக்கும், ஐயா. கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், அவ்வளவுதான். வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும். இருந்தாலும் என் வாயால் பிடிக்காது என்று கேட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. என் தொழிலில் இதையெல்லாம் யாரும் பொய்க்கணக்கில் சேர்ப்பதில்லை.

பெட்டியைப் பற்றி முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். குவாரிக்காரர் ஒருவர் குன்றை வெட்டும்போது மண்ணுக்கடியில் அது கிடைத்தது. ஒரே கல்லில் குடைந்தது. ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். மேலே தனியாக ஒரு மூடி. உள்ளே எலும்புமில்லை, பானையுமில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து அவர் அதை என் தலையில் கட்டிவிட்டார். பட்டறைக் கொட்டகையின் நடுவில் இறக்கி வைத்தேன்.

உட்பக்க மூலைகளைத் தடவிப் பார்த்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கல் அறுத்தவன் நான். இன்றைக்கு இருக்கும் மிஷினை வைத்துக்கொண்டு அப்படி ஒரு மூலையை எடுப்பதற்கே எனக்கு முழி பிதுங்கும். கல்லையும் எலும்பையும் வைத்துக்கொண்டு வேட்டையாடித் திரிந்த மனிதனா இதைச் செய்திருப்பான்? நமக்கு முன்னால் ஒரு பெரிய நாகரிகம் இருந்து அழிந்திருக்கிறது, அவர்களுக்கு மேலிருந்து வந்தவர்கள் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று நான் படித்ததெல்லாம் அந்த மூலையில் வந்து சேர்ந்தது. அது மனிதர்களைக் காற்றுப் புகாமல் மூடி, மூச்சே தேவைப்படாத தூக்கத்தில் நட்சத்திரங்களுக்குக் கொண்டுபோன பெட்டி. விடுமுறை நாட்களில் வருகிறவர்களிடம் அதைச் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் அக்கம்பக்கத்தார் வந்தார்கள். பிறகு வீடியோ எடுக்கிறவர்கள் வந்தார்கள். கடைசியில் கொட்டகை கொள்ளாத கூட்டம். எனக்குப் 'பெட்டி ஐயா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன். அதுவரை என்னிடம் ஜனங்கள் பேசியதெல்லாம் கறையைப் பற்றி மட்டும்தான்.

என் மனைவியின் தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கண்ணாடிச் சில்லை அவனே தேய்த்து, அவனே சட்டத்தில் பொருத்துவான். வாய் சும்மா இருக்காது. "ஏன் மாமா, அவ்வளவு தூரம் பறந்து வந்தவங்க ஒரு டப்பாவை மட்டும் மறந்துட்டுப் போனாங்களா? அவங்களுக்கும் உங்களை மாதிரி ஞாபகமறதிபோல" என்பான். கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். மூடியின் இடது மூலையில் ஓர் இடைவெளி இருந்ததை முதலில் கண்டுபிடித்ததும் அவன்தான். அதில் சுண்டுவிரலை விட்டு ஆட்டினான். "இதுல படுத்துக்கிட்டுப் போனா பாதி வழியிலேயே சளி பிடிச்சுக்கும் மாமா."

அவன் போன பிறகு, என் மனைவியும் வந்து அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செய்தவர்கள் இடைவெளி வைத்துச் செய்திருக்க மாட்டார்கள். மண்ணுக்குள் கிடந்த காலத்தில் வந்த பழுது அது. பழுதை நீக்குவதில் என்ன தப்பு? வேலையாட்கள் லீவில் போயிருந்த சமயம், பெட்டியின் விளிம்பில் தேய்ப்புப் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசினேன். சங்கிலிக் கப்பியில் மூடியைத் தொங்கவிட்டு, விளிம்பின்மேல் லேசாக உட்கார வைத்து, முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருந்தேன். இப்படிச் செய்தால் இரண்டு கல்லும் ஒன்றையொன்று தின்று, ஒன்றுக்கொன்று பொருந்திவிடும். பொடியை மாற்றி மாற்றி, கடைசியில் மாவு போன்ற பொடியில் முடித்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. முடிந்தபோது மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையவில்லை. அடுத்த கூட்டத்தில் அதை எல்லோருக்கும் செய்து காட்டினேன். நான் காட்டியது உண்மைதானே, ஐயா. மிச்சத்தை யாரும் கேட்கவில்லை.

மச்சினன் அதை வீடியோவில் பார்த்துவிட்டு, நேரே கூட்டத்துக்கு வந்து நின்றான். பெட்டியை அவன் மறுபடி சோதிக்கவில்லை. அவன் விரல் நுழைந்த இடம், அவனுக்கு எதற்குச் சோதனை? ஏதோ கேமரா தந்திரம் என்று நினைத்திருப்பான். "காலையில என்னை உள்ள வெச்சு மூடுங்க, சாயங்காலம் திறங்க. உள்ளதான் காத்து வருதே, நல்லா தூங்கி எழுந்து வர்றேன்" என்றான். "நான் சிரிச்சுக்கிட்டே வந்துட்டா இந்தப் பெட்டியை அரசாங்கத்துகிட்ட கொடுத்துடணும். கூட்டம், வீடியோ எல்லாத்துக்கும் முழுக்கு. அக்காவுக்குப் பழைய புருஷன் வேணும் மாமா."

கூட்டம் கைதட்டியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தேய்த்துவிட்டேன் என்று சொன்னால் போதும். அதைச் சொன்ன மறுநிமிடம் எனக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பார்த்தேன். சொந்தப் பட்டறையில், சொந்தக் கூரைக்குக் கீழே, எந்தப் பக்கமும் அசைய முடியாமல் நின்றேன். அந்த மாதிரி ஒரு பயம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

சொன்னபடி அடுத்த விடுமுறைக் காலையில் வந்தான். எங்கள் வீட்டுத் தலையணையையே அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். பெட்டியின் விளிம்பைக் குனிந்துகூடப் பார்க்காமல் உள்ளே உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்து, "நடுவுல தட்டினேன்னா யாரும் பயந்துடாதீங்க. டீ கேட்கிறேன்னு அர்த்தம்" என்றான். கொட்டகையே சிரித்தது.

கப்பிச் சங்கிலியை நானே பிடித்தேன். மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். மல்லாந்து படுத்திருந்தவனுக்கு மூடியின் அடிப்பக்கம் முகத்துக்கு நேரே வந்தது. விளிம்பு புதிதாகப் பளபளத்தது. தேய்ப்பதே தொழிலாக இருப்பவனுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவன் சிரிப்பு போய்விட்டது. கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"மாமா, இது..." என்றான். நான் சங்கிலியை விட்டேன்.

உடனே தட்ட ஆரம்பித்தான். கல்லுக்குள்ளிருந்து வந்ததால் சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. யாரோ, "அதுக்குள்ள டீயா?" என்றார்கள். ஒருவர் நிஜமாகவே ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து மூடியின்மேல் வைத்தார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "என்னங்க, அவன் விடாம தட்றான். திறங்க."

"அவன் விளையாட்டு உனக்குத் தெரியாதா? இப்பத் திறந்தா அவன் தோத்துட்டான்னு ஆயிடும். அப்புறம் காலத்துக்கும் உன்கூடப் பேச மாட்டான்."

தம்பிக்குத் தோற்பது பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் என்னை நம்பினாள். மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நான் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு, கடலுக்கடியில் போன நகரங்களைப் பற்றிப் பேசினேன். அன்றைக்கு மாதிரி நான் என்றுமே பேசியதில்லை. தட்டல் இடைவெளி விட்டு வந்தது. பிறகு நின்றது. "தூங்கிட்டான்" என்றேன். கூட்டத்துக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அந்தப் பெட்டி செய்யப்பட்டதே தூங்குவதற்குத்தானே.

எந்த நேரத்தில் முடிவு செய்தேன் என்று கேட்டீர்கள். அவன் என்னைப் பார்த்தபோது. திறந்தால் முதல் வேலையாக எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுவான் என்று தெரிந்தது. உள்ளே இருக்கும் காற்று எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் எனக்குத் தெரியும். பெட்டியின் அளவை வைத்துப் பலமுறை கணக்குப் போட்டிருக்கிறேன். தெரிந்தேதான் அவனைக் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

சாயங்காலம் கப்பியை இழுத்தபோது சங்கிலி விறைத்து நின்றது. மூடி வரவில்லை. அவ்வளவு கச்சிதமாக ஒட்டியிருந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அந்தக் கணத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஐயா. அதையும் மறைக்க விரும்பவில்லை.

நேற்று என் மனைவி இங்கே வந்தாள். அழவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "மூடும்போது அவன் உங்களைப் பார்த்து ஏதோ சொன்னான். என்ன சொன்னான்?"

"'மாமா, இது எவ்வளவு நேர்த்தியா இருக்கு'ன்னான்" என்றேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். இரவெல்லாம் யோசித்தேன். அதைத்தான் அவன் சொல்ல வந்திருப்பான் என்று படுகிறது. தொழில் தெரிந்தவன். அப்படி ஒரு வேலையைப் பார்த்தால் வேறு என்ன சொல்லத் தோன்றும்?