வாய் நிறையச் சர்க்கரை

மாமா: அறுநூத்தி நாப்பது ரூபா. மறந்துட்டியா?

மச்சினன்: போனை எடுத்ததுமே ஆரம்பிச்சிட்டாருய்யா! மாமா, சாரத்து மேல நின்னு பெயிண்ட் அடிச்சிக்கிட்டிருக்கேன்.

மாமா: இறங்கி... ஓரமா உக்காந்து பேசு.

மச்சினன்: கடன்காரனுக்கு உபசாரம் வேறயா! சரி, உக்காந்துட்டேன். வாய்ல என்ன, நறநறன்னு?

மாமா: பிஸ்கட்டு.

மச்சினன்: நாக்கு ஏன் குழறுது?

மாமா: மூட்டை தூக்கிட்டு இப்பதான் வீட்டுக்கு வந்தேன். அசதி. காசு எப்போ தருவ?

மச்சினன்: இருங்க. சர்க்கரைக்கு ஊசியோட ஒரு மாத்திரை போடுவீங்களே...

மாமா: நிறுத்திட்டாங்க. எனக்கு ஒத்துக்கல. ரத்தத்துல அமிலம் ஏறிடுச்சாம்.

மச்சினன்: அப்போ ஊசி மட்டுமா?

மாமா: சின்ன வயசுலேர்ந்து அதானே... இப்ப அளவைக் கூட்டியிருக்காரு டாக்டரு. இன்னும் பிடிபடல. சில நேரம் சர்க்கரை திடீர்னு... விடு. அறுநூத்தி நாப்பது!

மச்சினன்: கதவு?

மாமா: திறந்துதான் கிடக்கு. காத்துக்கு.

மச்சினன்: ம்... நாளைக்குச் சம்பளம். மொத்தமா அடைச்சிடுறேன்.

மாமா: ...

மச்சினன்: மாமா? மாமா!

மாமா: இருக்கேன்டா. மொத்தமா எதுக்கு? கொஞ்சம் கொஞ்சமா குடு.

மச்சினன்: நூறு நூறா?

மாமா: அஞ்சஞ்சா குடேன்.

மச்சினன்: ஆயுசுக்கும் கேப்பீங்க போல! அக்கா இருந்தவரைக்கும் ஒரு நாள் கேட்டதுண்டா?

மாமா: அப்போ... தேவைப்படல.

மச்சினன்: சர்க்கரை இறங்கினா அக்கா உங்களைப் பேச வெச்சிக்கிட்டே இருப்பா. பேச்சு நின்னா அடுப்பை அப்படியே போட்டுட்டு ஓடி வருவா.

மாமா: அதெல்லாம் இப்ப எதுக்கு?

மச்சினன்: சர்க்கரை பாக்குற மெஷின் பக்கத்துலதானே இருக்கு? குத்திப் பாருங்க.

மாமா: எந்த மெஷினு?

மச்சினன்: நடிக்காதீங்க. நான் லைன்லயே இருக்கேன்.

மாமா: ... எண்பத்திரெண்டு.

மச்சினன்: என்னைக் கூப்பிடும்போது எவ்வளவு?

மாமா: அம்பத்தாறு.

மச்சினன்: பிஸ்கட்டாம் பிஸ்கட்டு!

மாமா: வாய் நிறையச் சர்க்கரைடா. இப்ப தேவலை. நீ வேலையப் பாரு.

மச்சினன்: வேலை கிடக்கு. சோறு தின்னுட்டு நாளைக்கே டாக்டரைப் பாருங்க. இப்படி அடிக்கடி இறங்குதுன்னு சொல்லுங்க.

மாமா: சொல்றேன். அந்தக் காசு...

மச்சினன்: மாமா... அதை நான் எப்பவோ அக்கா கையில குடுத்துட்டேன்.

மாமா: தெரியும்டா. அன்னைக்கே சொல்லிட்டா... வேற எதைச் சொல்லி உன்னைக் கூப்பிடுறது?