கிரிஸ்டல் வர்ற வரைக்கும்

இல்ல சார், பேசுவேன். மாடிப்படியில நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு, இந்தப் பொண்ணு வாயே திறக்காது போலருக்கேன்னு. உங்க கேள்விக்கு வரேன். அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

ஒளித்துகளை ஜோடி ஜோடியா பிரிச்சு விடற கிரிஸ்டல் ஒண்ணு இந்த லேப்ல இருந்துச்சு. தூசி தட்டறேன்னு எங்க புரொபசரே கீழ போட்டு உடைச்சிட்டார். புதுசு வர்ற வரைக்கும் சோதனை நிக்கக் கூடாதாம். ரெட்டைப் பொறவிதானே, நீங்க ரெண்டு பேரும் துகளா உக்காருங்கம்மான்னுட்டார். கொஞ்சம் முந்திப் பொறந்த அக்கா எதிர்க் கட்டடத்துல, நான் இங்க. நடுவுல ரோடு. போன் கிடையாது.

சிரிக்காதீங்க சார். அந்தத் துகள் ஜோடி மாதிரியே, ஒரே கேள்விய எங்க ரெண்டு பேர்கிட்டயும் கேட்டா பதில் எதிரும் புதிருமாத்தான் வரும். எனக்குக் காப்பின்னு வந்தா அவளுக்கு டீ. கேக்கிற வரைக்கும் எங்களுக்கே தெரியாது, சத்தியமா.

ஆனா ஒண்ணு. போறியா இருக்கியான்னு கேட்டு பதில் வாங்கிட்டா, சந்தோஷமா வருத்தமாங்கிறது கலங்கிப் போயிடும். அதைக் கேட்டா இது கலங்கிடும். உங்களுக்கு முன்னாடி கேள்வி கேக்க வந்தவர் ரொம்ப கெட்டிக்காரர். அவகிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணுன்னு கேட்டு, ரெண்டையும் பிடிச்சிட்டேன்னு குதிச்சார். சரிபார்க்க மறுபடி கேட்டா எல்லாம் தலைகீழ். மூஞ்சியில ஈயாடல. அந்தக் கலக்கம்தான் எங்களுக்குக் கடிவாளம்னு புரொபசர் சொல்றார். அது இல்லேன்னா ரோட்டைத் தாண்டி சேதியே அனுப்பிடுவோமாம். இப்ப என் பதிலும் அவ பதிலும் எதிரெதிரா அமையும், அவ்வளவுதான். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

தண்ணி குடிக்கிறீங்களா?

ஆமா, கேள்வி. போறியா இருக்கியா. சந்தோஷமான்னு கேளுங்களேன் சார், அதுவும் நல்ல கேள்விதான்.

மாத்தக் கூடாதா. சரி.

அதில்ல சார், அக்காவுக்குத் தூர ஊர்ல ஒரு வேலை வந்திருக்கு. பொறந்ததுலேர்ந்து நாங்க பிரிஞ்சு தூங்கினதே இல்ல. போறதா வேணாமான்னு தவிச்சுத் தவிச்சு, காலைல பச்சைப் பையைக் கட்டிட்டு வந்து எதிர்ல உக்காந்திருக்கா. உன்னைக் கேக்கிறப்பவே என்னையும் கேக்கட்டும்டி, அப்பதான் எனக்குத் தெரியும்னா. எனக்குப் போறேன்னு வந்துட்டா அவ இருந்துடுவா. வேணுங்கிற பதிலை வரவழைக்க முடியாதே சார். அதான் பேசிட்டே இருக்கேன்.

கேளுங்க.

இருக்கேன்.

எழுதிக்கோங்க. அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்க சார். அதோ, பச்சைப் பை. ரோட்டைத் தாண்டிட்டா. பஸ்ல ஏறிட்டா.